உறையைத் திருப்பிப் படியுங்கள்: பயணத்தில் உண்ண நல்ல நியூட்ரிஷன் பார் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

காலை ஏழே முக்கால் மணிக்குக் குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறி, கிண்டியில் இறங்கிப் பேருந்து பிடித்துத் தரமணிக்குப் போகிற எனக்கு, வீட்டில் உட்கார்ந்து இட்லி சாப்பிடும் நாள் வாரத்தில் இரண்டு கிடைத்தால் அதிகம். மற்ற நாட்களில் பையின் முன்னறையில் கிடக்கும் ஒரு நியூட்ரிஷன் பார்தான் காலை உணவு. (‘பார்’ என்றதும் இவ்வூரில் முதலில் நினைவுக்கு வருவது வேறொன்று என்பதால், பெட்டிக்கடையில் கேட்கும்போது ‘நியூட்ரிஷன்’ என்பதையும் சேர்த்தே கேட்பது நல்லது.) ஓட்ஸ் கதிரும் தேன் சொட்டும் அச்சிட்ட ஓர் உறையை நம்பி நான்கு மாதம் ஒரே பாரைத் தின்றேன். ஒருநாள் பல்பொருள் அங்காடியில் பில் போட நின்ற வரிசை நகராததால், பொழுதுபோகாமல் அந்த உறையைத் திருப்பிப் படித்தேன். சேர்பொருள் பட்டியலில் முதலாவதாகக் குளுக்கோஸ் சிரப் இருந்தது. தேன் ஒன்பதாவது இடத்தில், இரண்டு சதவீதம் என்று இருந்தது. நான்கு மாதமாக நான் காலையில் உண்டது ஒரு மிட்டாய்.

அந்த வரிசையில் தொடங்கிய பழக்கத்தைத்தான், கடையில் பாரைக் கையில் எடுப்பது முதல் வாயில் போடுவது வரை எந்த வரிசையில் எதைப் பார்க்க வேண்டுமோ அந்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: எதற்காக வாங்குகிறோம் என்பதை முடிவு செய்தல்

நல்ல பார் எது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. எந்த வேளைக்கு, எந்த வேலைக்கு என்று கேட்டால்தான் கிடைக்கும். காலை உணவுக்கும் மதிய உணவுக்கும் இடையிலோ, மாலை ஐந்து மணிக்கோ எழும் சிறுபசியை அடக்க 100 முதல் 150 கிலோ கலோரி கொண்ட சிறிய பார் போதும். தேநீர்க் கடையில் ஒரு மசால்வடையை எடுக்கப் போகும் கை அதனால் நின்றுவிடும். ஒரு வேளை உணவையே ஈடுகட்ட வேண்டுமென்றால் 250 கிலோ கலோரியாவது தேவைப்படும். அதில் 12 முதல் 15 கிராம் புரதமும் ஐந்து கிராம் அளவுக்கு நார்ச்சத்தும் இல்லாவிட்டால் பதினோரு மணிக்கே மறுபடி பசிக்கும். என் அனுபவத்தில் பார் மட்டும் ஒரு வேளை உணவாக ஆவதில்லை. கூடவே ஒரு வாழைப்பழமும் ஒரு பாக்கெட் மோரும் இருந்தால் கணக்கு ஓரளவு சரியாகும்.

மூன்றாவது வகையினர் உடற்பயிற்சிக்காக வாங்குபவர்கள். எடை தூக்கிப் பயிற்சி செய்துவிட்டு உடனே வீட்டுக்குப் போக முடியாதவருக்கு 15 முதல் 20 கிராம் புரதமுள்ள பார் உண்மையிலேயே பயன்படும். ஆனால் மெரினாவிலோ நாகேஸ்வர ராவ் பூங்காவிலோ நாற்பது நிமிடம் நடந்துவிட்டு ‘எனர்ஜி பார்’ சாப்பிடுவது, நடந்து கரைத்ததைக் கையோடு திரும்பப் பெற்றுக்கொள்வதற்குச் சமம். நடைக்குத் தண்ணீர் போதும்.

இரண்டாம் படி: முன்பக்கச் சொற்களை எடை போடுதல்

உறையின் முன்பக்கத்தில் இருப்பது விளம்பரம். ஆனாலும் அதிலுள்ள சில சொற்களுக்குச் சட்ட அளவு உண்டு, சிலவற்றுக்கு எதுவுமே இல்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018ஆம் ஆண்டு வெளியிட்ட விளம்பர, உரிமைகோரல் விதிகளின்படி, ‘சுகர் ஃப்ரீ’ என்று போடுவதற்கு 100 கிராம் பண்டத்தில் சர்க்கரை 0.5 கிராமைத் தாண்டக் கூடாது. ‘லோ சுகர்’ என்று போட 5 கிராமைத் தாண்டக் கூடாது. ‘ஹை ஃபைபர்’ என்றால் 100 கிராமுக்கு 6 கிராம் நார்ச்சத்தாவது இருக்க வேண்டும்.

ஏமாறுவது பெரும்பாலும் ‘ஹை புரோட்டீன்’ என்ற சொல்லில்தான். அன்றாடத் தேவையில் 20 சதவீதப் புரதம் 100 கிராம் பண்டத்தில் இருந்தால் அந்தச் சொல்லைப் போட்டுக்கொள்ளலாம். 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு, கிலோவுக்கு 0.83 கிராம் வீதம், நாளொன்றுக்கு ஏறத்தாழ 54 கிராம் புரதம் பரிந்துரைக்கப்படுகிறது. அதில் 20 சதவீதம் என்பது 11 கிராமுக்குச் சற்றுக் குறைவு. கவனிக்க வேண்டியது, இந்த 11 கிராம் 100 கிராம் பண்டத்துக்கு. நாம் வாங்கும் பார் 40 கிராம்தான் இருக்கும். அதில் கிடைப்பது நாலேகால் கிராம் புரதம், அதாவது ஒரு முட்டையில் இருப்பதைவிடக் குறைவு. சட்டம் மீறப்படவில்லை, பொய்யும் சொல்லப்படவில்லை. ஆனாலும் வாங்கியவர் நினைத்துக்கொண்டது வேறு.

‘நேச்சுரல்’, ‘எனர்ஜி’, ‘ஃபிட்’, ‘பாட்டி கைப்பக்குவம்’ போன்றவற்றை வைத்து எதையும் தீர்மானிக்க வேண்டாம். ‘ஹெல்த்’ என்ற சொல்லும் அப்படித்தான்: ‘ஹெல்த் டிரிங்க்’ என்பதற்கு உணவுச் சட்டத்தில் வரையறையே கிடையாது என்று சொல்லி, 2024 ஏப்ரலில் இணைய வணிகத் தளங்கள் அந்தத் தலைப்பில் பானங்களை அடுக்கி வைக்கக் கூடாது என்று ஆணையம் அறிவுறுத்தியது. பாரின் மேல் அச்சிடும் ‘ஹெல்தி’யையும் அதே கண்ணோடு பார்ப்பதே சரி.

மூன்றாம் படி: சேர்பொருள் பட்டியலின் முதல் மூன்று பெயர்கள்

இனி உறையைத் திருப்பலாம். சேர்பொருள்களை எடையின் இறங்குவரிசையில், அதிகம் உள்ளதை முதலில் வைத்து, அச்சிட வேண்டும் என்பது விதி. ஆகவே முதல் மூன்று பெயர்களே அந்தப் பாரின் பெரும்பகுதி. அவை வேர்க்கடலை, பாதாம், ஓட்ஸ், கேழ்வரகு, கம்பு, பொட்டுக்கடலை, பேரீச்சை, பாலிலிருந்து பிரித்தெடுக்கும் வே புரோட்டீன் போன்றவையாக இருந்தால் மேற்கொண்டு படிக்கலாம். சர்க்கரை, குளுக்கோஸ் சிரப், பாமாயில் ஆகியவற்றில் ஏதேனும் இரண்டு முதல் மூன்றுக்குள் வந்தால் இருந்த இடத்திலேயே வைத்துவிடலாம்.

இதில் ஒரு தந்திரம் உண்டு. ஒரே சர்க்கரையை ஐந்து பெயர்களில் பிரித்துப் போட்டால், ஒவ்வொன்றின் எடையும் குறைந்து பட்டியலில் கீழே இறங்கிவிடும். முதலிடத்துக்கு ஓட்ஸ் வந்துவிடும். சர்க்கரை, இன்வர்ட் சிரப், மால்டோடெக்ஸ்ட்ரின், தேன், வெல்லம், டெக்ஸ்ட்ரோஸ், பழச்சாறு அடர்வு எனப் பட்டியலில் சிதறிக் கிடப்பவற்றை மனத்தில் ஒன்றுசேர்த்துப் பாருங்கள். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் என்று வந்தவுடன் நம்மவர்களுக்கு மனம் இளகிவிடுகிறது. ஆனால் ரத்தத்தில் சர்க்கரை ஏறுவதைப் பொறுத்தவரை அவற்றுக்குத் தனிச் சலுகை கிடையாது. பேரீச்சை சற்று வேறு: அதில் நாரும் தாதுக்களும் கூடவே வருகின்றன. இருந்தாலும் 100 கிராம் பேரீச்சையில் அறுபது கிராமுக்கு மேல் சர்க்கரைதான் என்பதால், முழுக்கப் பேரீச்சையால் பிடித்த பார் ‘சர்க்கரை சேர்க்கப்படாதது’ என்று சொன்னாலும் இனிப்புப் பண்டமே.

புரதம் எங்கிருந்து வருகிறது என்பதையும் இதே பட்டியல் சொல்லிவிடும். வே, பால் புரதம், சோயா ஐசோலேட், பட்டாணிப் புரதம் ஆகியவை நல்லவை. கொலாஜன் அல்லது ஜெலட்டின் சேர்த்து அட்டவணையில் புரத எண்ணை உயர்த்தியிருந்தால், அதில் டிரிப்டோஃபேன் என்ற அத்தியாவசிய அமினோ அமிலமே இல்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள். எண் பெரிதாக இருக்கும், பயன் அந்த அளவுக்கு இருக்காது.

உறையில் படம் போட்ட பொருளுக்குப் பக்கத்தில் பெரும்பாலும் சதவீதம் தரப்பட்டிருக்கும். நான் பார்த்த ஒன்றில் முன்பக்கம் முழுக்கப் பாதாம் மழை. பின்பக்கத்தில் பாதாம் நான்கு சதவீதம். 40 கிராம் பாரில் அது 1.6 கிராம், ஒன்றரைப் பருப்பு.

உணவுச் சேர்க்கைப் பொருள்களைக் குறிக்கும் ஐ.என்.எஸ். எண்களைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. 322 என்பது எண்ணெயையும் நீரையும் பிரியாமல் கலக்க வைக்கும் லெசித்தின், 422 என்பது பாரை மென்மையாக வைத்திருக்கும் கிளிசரால். 965, 420 ஆகிய இரண்டை மட்டும் மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள்; ஐந்தாம் படியில் அவை வரும்.

நான்காம் படி: அட்டவணையில் ஒரு சிறு கணக்கு

ஊட்டச்சத்து அட்டவணையைப் படிக்குமுன் பாரின் நிகர எடையையும், அட்டவணை எந்த அளவுக்குத் தரப்பட்டுள்ளது என்பதையும் பாருங்கள். ‘ஒரு பரிமாறல் 30 கிராம்’ என்று எழுதிவிட்டு 60 கிராம் பாரை விற்பவர்கள் உண்டு. பாதி பாரைத் தின்று மீதியைக் கட்டி வைக்கும் மனிதரை நான் இதுவரை ரயிலில் பார்த்ததில்லை. எனவே எல்லா எண்களையும் இரண்டால் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 50 கிராம் பார் ஒன்றின் அட்டவணை இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: ஆற்றல் 208 கிலோ கலோரி, புரதம் 10 கிராம், மாவுச்சத்து 24 கிராம், மொத்தச் சர்க்கரை 14 கிராம், அதில் சேர்க்கப்பட்ட சர்க்கரை 12 கிராம், கொழுப்பு 8 கிராம். புரதமும் மாவுச்சத்தும் கிராமுக்கு நான்கு கிலோ கலோரி, கொழுப்பு ஒன்பது. புரதத்தால் வருவது 40, மாவுச்சத்தால் 96, கொழுப்பால் 72, கூட்டினால் 208. இனி முதற்கேள்வி: மொத்த ஆற்றலில் புரதத்தின் பங்கு எவ்வளவு? ஐந்தில் ஒரு பங்குகூட முழுதாக இல்லை. ‘புரோட்டீன் பார்’ என்று பெயர் வைத்துக்கொள்ள, என் அளவுகோலில், நான்கில் ஒரு பங்காவது வர வேண்டும். மனக்கணக்குக்கு எளிய வழி: புரத கிராமைப் பதினாறால் பெருக்கினால் வரும் எண் கலோரி எண்ணைவிடக் குறைவாக இருந்தால், புரதம் 25 சதவீதத்துக்குக் கீழே. இந்தப் பாரில் 10-ஐப் பதினாறால் பெருக்கினால் 160, 208-ஐ எட்டவில்லை. சிறுபசிக்கு வாங்குகிறீர்கள் என்றால் இதை ஒரு குறையாகக் கருத வேண்டாம். புரதத்துக்காக வாங்குகிறீர்கள் என்றால் வேண்டாம்.

இரண்டாவது கேள்வி சர்க்கரையைப் பற்றியது; இங்கே அட்டவணையே நம்மைத் தடுமாற வைக்கும். சேர்க்கப்பட்ட சர்க்கரைக்கு நாளொன்றுக்கு 50 கிராம் என்ற அளவை அடிப்படையாக வைத்தே உறையில் சதவீதம் அச்சிடப்படுகிறது. ஆகவே 12 கிராமுக்கு நேராக 24 சதவீதம் என்று இருக்கும். பார்ப்பதற்குச் சாதுவாகத் தெரியும். ஆனால் ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டு நெறிகள் 25 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கின்றன. அந்தக் கணக்கில் இந்த ஒரு பாரிலேயே நாளின் பங்கில் கிட்டத்தட்டப் பாதி தீர்ந்துவிட்டது. காலையில் ஒரு காபி, நான்கு மணிக்கு ஒரு தேநீர் என்று சர்க்கரையோடு குடிக்கும் சென்னைக்காரருக்கு மீதிப் பாதியும் மாலைக்குள் போய்விடும். பாரொன்றில் சேர்க்கப்பட்ட சர்க்கரை 5 கிராமுக்குள் இருந்தால் நல்லது, 8 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் வரம்பு.

நிறைவுற்ற கொழுப்புக்கு (சாச்சுரேட்டட் ஃபேட்) நாள் வரம்பு 22 கிராம் என்று கொண்டே உறையில் சதவீதம் போடுகிறார்கள். சாக்லேட் பூசிய பாரில் அது நான்கைந்து கிராம் எளிதாக வந்துவிடும். நாளொன்றுக்கு 2000 மில்லிகிராம் சோடியம் என்ற எல்லையில் பார்களின் பங்கு பொதுவாகச் சிறியது. அதற்காக நேரத்தைச் செலவிட வேண்டாம்.

ஐந்தாம் படி: ‘சர்க்கரை இல்லை’ என்பதன் விலை

சர்க்கரை இல்லாமல் இனிக்கிறது என்றால் வேறேதோ இனிக்கிறது. அது பெரும்பாலும் 965 என்ற எண்ணுக்குரிய மால்டிட்டால் அல்லது 420 என்ற எண்ணுக்குரிய சார்பிட்டால். இவை சர்க்கரை ஆல்கஹால் என்ற வகையைச் சேர்ந்தவை. சாராயத்துக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை. இவற்றில் கலோரி சர்க்கரையைவிடக் குறைவு, ரத்தச் சர்க்கரையை ஏற்றுவதும் குறைவு. ஆனால் ஏற்றவே ஏற்றாது என்று எண்ணிவிடக் கூடாது, மால்டிட்டால் ஓரளவு ஏற்றவே செய்யும்.

இவை சிறுகுடலில் முழுமையாக உறிஞ்சப்படுவதில்லை. மீதமுள்ளது பெருங்குடலுக்குப் போய் நீரை இழுக்கிறது. அங்குள்ள நுண்ணுயிர்கள் அதை நொதிக்க வைத்து வாயுவை உண்டாக்குகின்றன. உறையின் ஓரத்தில் பாலியோல்கள் (சர்க்கரை ஆல்கஹாலின் மறுபெயர்) மலமிளக்கும் தன்மை உடையவையாக இருக்கலாம் என்று பொடி எழுத்தில் எச்சரிக்கை போடுவது இதனால்தான். அந்த எழுத்தைப் படிக்காமல், மதிய உணவு தவறிய ஒரு நாளில் நான் அடுத்தடுத்து இரண்டு பார்களைத் தின்றுவிட்டு மாலை ஆறு மணி ரயிலில் ஏறினேன். கிண்டியிலிருந்து குரோம்பேட்டை வரை உள்ள ஒவ்வொரு நிலையத்தின் பெயரையும் அன்றைக்குப் போல நான் கவனித்துப் படித்ததில்லை. சிக்கரி வேரிலிருந்து எடுக்கும் இன்யூலின் என்ற நாரும் அதிக அளவில் இதே வேலையைச் செய்யும். புதிய பாரை முதன்முறை உண்பது விடுமுறை நாளில், வீட்டில் இருக்கும்போது அமைவது நல்லது.

ஆறாம் படி: யாருக்குப் பொருந்தாது

சைவ உணவினர் பச்சை வட்டக் குறியைப் பார்த்தாலே போதும். முட்டை வெள்ளைக்கரு, ஜெலட்டின் ஆகியவை சேர்ந்த பாரில் பழுப்பு முக்கோணம் இருக்கும். வேர்க்கடலை, மரக்கொட்டைகள், சோயா, பால், குளூட்டன் உள்ள தானியங்கள் ஆகியவற்றின் ஒவ்வாமை அறிவிப்பு சேர்பொருள் பட்டியலுக்கு அருகிலேயே தரப்பட்டிருக்கும். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் வே கான்சென்ட்ரேட்டைத் தவிர்த்து, லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை மிகக் குறைந்த வே ஐசோலேட்டையோ தாவரப் புரதத்தையோ தேடலாம். சிறுநீரக நோயுள்ளவர்கள் புரத பார்களை மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. நீரிழிவு உள்ளவர்கள் ‘சுகர் ஃப்ரீ’ என்ற சொல்லோடு நின்றுவிடாமல் மொத்த மாவுச்சத்தையும் பார்க்க வேண்டும். பள்ளிக் குழந்தையின் டிபன் டப்பாவில் பெரியவர்களுக்கான 20 கிராம் புரத பாரை வைப்பதற்கு எந்தத் தேவையும் இல்லை.

ஏழாம் படி: சென்னை வெயிலைக் கணக்கில் சேர்த்தல்

குளிர்ந்த அங்காடியில் கையில் எடுக்கும்போது கம்பீரமாக இருக்கும் சாக்லேட் பார், கத்திரி வெயிலில் இருசக்கர வண்டியின் இருக்கைக்கு அடியில் இரண்டு மணி நேரம் இருந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 2003 மே 31 அன்று 45 பாகை செல்சியஸைப் பார்த்த ஊர் இது. கொக்கோ வெண்ணெயோ 34 பாகை அளவிலேயே உருகிவிடும். ஏப்ரல் முதல் ஜூலை வரை சாக்லேட் பூச்சில்லாத, கொட்டை, தானிய வகைகளையே நான் வாங்குகிறேன். உருகி மறுபடி இறுகிய சாக்லேட்டின் மேல் வெண்படலம் தெரிந்தால் அது பூஞ்சை அல்ல, கொழுப்பு மேலே வந்து படிந்தது. உண்ணலாம், சுவைதான் இருக்காது. கொட்டைகள் நிறைந்த பார் வெப்பத்தில் சிக்குவாடை அடித்தால் தூக்கி எறிந்துவிடுங்கள்.

புரதம் மிகுந்த பார்கள் நாள்பட நாள்பட இறுகிக் கட்டையாகும். வெப்பம் அதை விரைவுபடுத்தும். எனவே காலாவதித் தேதியை மட்டும் பார்த்து நிறைவடையாமல், தயாரித்த தேதியையும் பார்த்து, மூன்று மாதத்துக்குள் தயாரானதாக எடுக்கலாம். கடையிலேயே உறையோடு மெல்ல வளைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இணையத்தில் பன்னிரண்டு பார் கொண்ட பெட்டி தள்ளுபடியில் வந்தால் முதலில் நான் சந்தேகப்படுவது இந்தத் தேதியைத்தான்.

எட்டாம் படி: விலையைப் புரதத்தால் வகுத்தல்

நூறு ரூபாய்க்கு 20 கிராம் புரதம் தரும் பாரில் ஒரு கிராம் புரதம் ஐந்து ரூபாய். ஏழு ரூபாய்க்கு வாங்கும் முட்டையில் ஆறு கிராம் இருக்கிறது. கிராமுக்கு ஒரு ரூபாயை ஒட்டித்தான் வருகிறது. ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம், வறுத்த வேர்க்கடலையில் ஏழு கிராமுக்கு மேல் உண்டு. பாருக்கு நாம் கொடுக்கும் மீதி விலை புரதத்துக்கானது அல்ல. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் சிந்தாமல் தின்ன முடிவதற்கானது. அந்த வசதி தேவைப்படும் நாளில் கொடுக்கலாம், தினமும் கொடுக்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில் கடலைமிட்டாயைச் சொல்லாமல் போனால் குற்றம். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாய், அமைப்பில் பார்த்தால் ஒரு நியூட்ரிஷன் பாரேதான்: கொட்டை, அதைப் பிடித்துவைக்க ஒரு பாகு. 30 கிராம் துண்டில் 18 கிராம் கடலை என்று கொண்டால் நாலரை கிராம் புரதமும் 12 கிராம் வெல்லமும் கிடைக்கும். விலையுயர்ந்த பல கிரானோலா பார்கள் இதைத் தாண்டுவதில்லை. ஆகவே இப்போதெல்லாம் எந்தப் பாரை எடுத்தாலும் நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று: இது கடலைமிட்டாயைவிட எந்த விதத்தில் மேல்? சர்க்கரை குறைவாகவோ, புரதம் கூடுதலாகவோ, நார் கூடுதலாகவோ இருந்தால் வாங்குகிறேன். மூன்றும் இல்லையென்றால் கடலைமிட்டாயையே வாங்குகிறேன்.

வீட்டிலேயே செய்ய நேரமிருப்பவர்களுக்கு என் அளவு இது. தோல் நீக்கி வறுத்த வேர்க்கடலை 100 கிராம், பொட்டுக்கடலை 50 கிராம், வறுத்த எள் 25 கிராம், வெறும் வாணலியில் மணம் வர வறுத்த ஓட்ஸ் 50 கிராம், விதை நீக்கிய பேரீச்சை 120 கிராம். கடலையையும் பொட்டுக்கடலையையும் மிக்ஸியில் ஒருமுறை விட்டு விட்டு ஓட்டி ஒன்றிரண்டாக உடைத்துக்கொள்ளுங்கள். மாவாகிவிட்டால் பார் வாயில் அப்பிக்கொள்ளும். பேரீச்சையை இட்லித் தட்டில் ஐந்து நிமிடம் ஆவி காட்டி, கரண்டியால் மசித்து, ஒரு சிட்டிகை உப்பும் ஏலக்காயும் சேர்த்து எல்லாவற்றையும் கையாலேயே பிசைய வேண்டும். வெண்ணெய்த்தாள் விரித்த தட்டில் கொட்டி, தட்டையான அடிப்பாகமுள்ள டம்ளரால் பலமாக அழுத்தி, ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துப் பத்துத் துண்டுகளாக வெட்டினால், ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 140 கிலோ கலோரியும் ஐந்து கிராம் புரதமும் இருக்கும். எட்டு கிராம் சர்க்கரையும் இருக்கும், அது முழுவதும் பேரீச்சையினுடையது. சென்னையின் ஈரக்காற்றில் வெளியே வைத்தால் இரண்டாம் நாளே நெகிழ்ந்துவிடும். ஃபிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். காலையில் கிளம்பும்போது ஒன்றை வெண்ணெய்த்தாளில் சுற்றிச் சிறு டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். மெட்ரோவில் போகிறவர்கள் நிலையத்துக்குள் நுழையுமுன்பே தின்றுவிடுவது நல்லது. ரயிலுக்குள் உண்ண அனுமதி கிடையாது.